பெட்டியில் இருந்த இரண்டு எழுத்து: பழைய ரோபோ வாங்கியவருக்கு ஒரு வக்கீலின் பதில்

கடிதத்தின் சுருக்கம்:

மும்பை செம்பூரில் வசிக்கும் 51 வயது வாசகர், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா, இவருக்கு ஆறு வயதாக இருந்தபோது கோபே துறைமுகத்தில் ஒரு தகர ரோபோ வாங்கி வந்தார். ஒரே மாதத்தில் தம்பி அதை மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டுவிட்டான். அந்த வருத்தம்தான் பிற்பாடு சேகரிப்பாக வளர்ந்தது. இருபது வருடத்தில் 23 ரோபோக்கள். ஒவ்வொன்றும் எந்த வருடம், எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்று தேடி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.

பதினைந்து மாதத்துக்கு முன், மாட்டுங்காவில் இருக்கும் ஒருவரிடம் 38,000 ரூபாய்க்கு ஒரு விண்வெளி வீரர் ரோபோ வாங்கினார். நாலடி நடந்து நிற்கும், மார்புக் கதவு திறந்து துப்பாக்கி மின்னும், இடுப்புக்கு மேல் முழு வட்டம் சுற்றும். எஸ்.எச். என்ற முத்திரை. வாங்கும்முன் விற்றவர் வாட்ஸாப்பில் அனுப்பியது: "60-ல வந்தது தம்பி, ஜப்பான் ஒரிஜினல், பெட்டியும் அதோடதுதான், கை படாத பீஸ்." நாலு மாதம் கழித்து நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, பெட்டியின் அடிமடிப்பில் வட்டத்துக்குள் எஸ்.டி. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தார். அது 1971-க்குப் பிறகு வந்த முத்திரை. கேட்டதற்கு, "அரை மணி நேரம் கையில வெச்சுப் பாத்துட்டுத்தானே வாங்கினீங்க?" என்று பதில் வந்தது. அப்புறம் பதிலே இல்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. சோர் பஜாரில் ஒரு கடையில் 2,500 ரூபாய்க்கு வாங்கிய சாவி ரோபோவில், ஜப்பானின் நொமுரா நிறுவனத்தைக் குறிக்கும் டி.என். முத்திரை இருந்தது. சேகரிப்பாளர் குழுவில் படம் போட்டதும் ஆளாளுக்கு லட்சக் கணக்கு சொன்னார்கள். மறுவாரம் கடைக்காரரின் மகன் போன் செய்து, "அப்பாவுக்கு மதிப்பு தெரியாமல் கொடுத்துவிட்டார், திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் போலீசுக்குப் போவேன்" என்கிறார்.

போலியை விற்றவரிடம் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா, சாவி ரோபோவைக் கொடுத்தாக வேண்டுமா, வெளிநாட்டுக்கு விற்க தொல்லியல் துறை அனுமதி வேண்டுமா, குழுவில் அந்த மாட்டுங்காக்காரரின் பெயரைப் போட்டு எல்லோரையும் எச்சரிக்கலாமா. இவைதான் கேள்விகள்.

*

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய பதினாலு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பொம்மை விஷயத்தில் நான் நிபுணர் இல்லை. ஆனால் வக்கீலுக்கு முத்திரையும் தேதியும் தினப்படி வேலை, அதனால் உங்கள் நோட்டுப் பக்கங்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், கட்சிக்காரர்களில் பாதிப் பேர் உங்களைப் போல் குறிப்பு எடுத்து வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துவிடுவோம். கடிதத்தில் ஒன்பது இடத்தில் "போலி" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் படங்களை வைத்துப் பார்த்தால் அது போலி என்று சொல்ல முடியாது. வயது குறைந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் பெரியது.

எஸ்.எச். என்பது ஹோரிகாவா என்ற ஜப்பான் நிறுவனம். போருக்குப் பிந்தைய ஜப்பானில் பொம்மையின் மேல் இருக்கும் முத்திரை பெரும்பாலும் அதை விற்ற மொத்த வியாபாரியைத்தான் காட்டும். தகரத்தை அச்சடித்து, அழுத்தி, தகடுகளை இணைக்கும் நாக்குகளை மடித்துப் பூட்டியவர்கள் வேறு பட்டறைக்காரர்கள். ஹோரிகாவா பெயரில் வந்த ரோபோக்களைச் செய்து கொடுத்தது மெட்டல் ஹவுஸ் என்ற டோக்கியோ பட்டறை. பின்னாளிலும் தகர ரோபோ செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். உங்களிடம் இருக்கும் சுற்றும் விண்வெளி வீரர் 60-களில் ஆரம்பித்து 80-கள் வரை பல உருவில் வந்தது. முதலில் உடம்பு முழுக்கத் தகரம், அப்புறம் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆக, 1965-ல் வந்ததும் 1978-ல் வந்ததும் இரண்டுமே அசல்தான். சேகரிப்பாளர் கொடுக்கும் விலைதான் வேறு.

"போலியை விற்றார்" என்று நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பழைய கேட்லாகைக் காட்டி, "இது ஹோரிகாவாவேதான் ஐயா" என்று ஐந்து நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: 60-களின் பொருள் என்று சொல்லி, அப்படி இல்லாததைக் கொடுத்தார்.

பெட்டி சொல்வதும் ரோபோ சொல்வதும்

எஸ்.டி. முத்திரையைக் கண்டுபிடித்தது நல்ல கண். ஜப்பான் பொம்மைச் சங்கத்தின் பாதுகாப்புக் குறி அது, தொடங்கியது 1971-ல். ஆனால் அதிலிருந்து நீங்கள் ஒரு படி தாண்டிவிட்டீர்கள். அந்தக் குறி பெட்டியின் மேல் இருக்கிறது. பெட்டி 1971-க்கு முந்தையது அல்ல என்பதை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே இருக்கும் ரோபோ பெட்டியைவிட மூத்ததாக இருக்கலாம். பழைய ரோபோவைப் பிந்தைய பெட்டியில் போட்டு விற்பது இந்த வியாபாரத்தில் புதிதா என்ன? உங்கள் நோட்டிலேயே ஏழாம் நம்பர் ரோபோவுக்கு "பெட்டி வேறு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் குறிகள் எல்லாமே "இதற்கு முன் இல்லை" என்றுதான் பேசும். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற வாசகம் ஒன்றுதான் மறுபக்கமும் கதவைச் சாத்தும், ஏனென்றால் அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்துவிட்டது. பார்கோடு என்கிற கோட்டுக் குறியீடு என்றால், கடையில் அது முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டதே 1974-ல்தான். ஐரோப்பாவின் சி.இ. குறி பொம்மைகளில் வந்தது 1990-ல். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ இருப்பதால் ரோபோ புதிது என்று பக்க ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அந்த ஸ்க்ரூ 1930-களிலிருந்தே இருக்கிறது. வழக்கில் அதைச் சொன்னால் உங்கள் மற்ற நல்ல பாயிண்டுகளுக்கும் மரியாதை போய்விடும்.

அதனால் ரோபோவைத் தனியாக, பெட்டியைத் தனியாகக் காலம் கணிக்க வேண்டும். உடம்பில் எது தகரம், எது பிளாஸ்டிக்? மார்புக் கதவு, பாதம், பேட்டரி மூடி இவை எந்தப் பதிப்போடு ஒத்துப்போகின்றன? அமெரிக்காவின் சியர்ஸ் கிறிஸ்துமஸ் கேட்லாக்குகளின் பழைய பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எந்த வருடத்தில் எந்த உருவம் விற்பனைக்கு வந்தது என்பதற்கு நல்ல சாட்சி. அடியில் காப்புரிமை எண்ணோ வடிவப் பதிவு எண்ணோ இருந்தால், ஜப்பானின் ஜே-பிளாட்பாட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இதெல்லாம் நீங்கள் ஆசைக்குச் செய்கிற வேலைதான். இந்தத் தடவை நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கப்போகிற நினைப்போடு செய்யுங்கள், எடுத்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏழாவது படத்துக்கு வாருங்கள். வலது பாதத்தின் அடிப்பக்கம், தகர நாக்கு மடிந்திருக்கும் இடம். மூன்று நாக்குகளில் நடுவில் இருப்பதன் மடிப்பில் பெயின்ட் வெடித்து, உள்ளே வெள்ளையாகத் தகரம் தெரிகிறது. மற்ற இரண்டிலும் மடிப்பு மங்கலாக, ஒரே சீராக இருக்கிறது. பட்டறையில் ஒரே ஒருமுறை மடிக்கிற நாக்கு இது. யாரோ ஒருவர் நிமிர்த்தி மறுபடி மடித்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. மோட்டாரை மாற்றினாரோ, துருவைத் துடைத்தாரோ, தெரியாது. இதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. வாட்ஸாப்பில் அவர் சொன்ன கடைசி வார்த்தை என்ன? "கை படாத பீஸ்." இதே மாடல் வைத்திருக்கும் இரண்டு சேகரிப்பாளர்களிடம் காட்டி, அவர்கள் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். வருடத்தைப் பற்றிய வாதம் இழுத்தால்கூட இந்த நாக்கு நிற்கும்.

அரை மணி நேரம் பார்த்தீர்களே என்ற வாதம்

வாங்குபவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி, இன்னும் இருக்கிறது. ஆனால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இன்ன பொருள் என்று விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. நேரில் பார்த்து வாங்கினாலும், அந்த விவரத்தை நம்பி வாங்கியிருந்தால் இது பொருந்தும். "60-ல வந்தது", "பெட்டியும் அதோடதுதான்", "கை படாத பீஸ்" மூன்றும் விவரம். "சூப்பரா இருக்கு, விட்டா கிடைக்காது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வியாபாரப் பேச்சு, அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் உங்களுக்குப் பாதகமானதையும் சொல்ல வேண்டும். நீங்கள் பொருளை ஏற்று, மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டீர்கள். அப்படி ஏற்றபின், சாதாரணமாகப் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை போய், இழப்பீடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். நடைமுறையில் சொன்ன பொருளின் விலைக்கும் கிடைத்த பொருளின் விலைக்கும் உள்ள வித்தியாசம். ஏமாற்றுதான் என்று நிரூபித்தால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு அவருக்கு உண்மை தெரிந்திருந்தது, அல்லது மெய்யென்ற நம்பிக்கை இல்லாமலே சொன்னார் என்று காட்ட வேண்டும். அவரும் சிங்கப்பூரில் யாரிடமோ இதே கதையைக் கேட்டு வாங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் தெரியாமல் சொல்லியிருந்தால், "இருபது வருட அனுபவசாலி, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே பெட்டியின் மடிப்பில் தெரிந்திருக்குமே" என்ற வாதம் அவருக்குக் கைகொடுக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் போலீசில் மோசடிப் புகார் கொடுக்க நான் அவசரப்பட மாட்டேன். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவுக்கு, வாங்க வைக்கும் அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதைச் சொல்லவில்லை. "சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று ஸ்டேஷனில் அனுப்பிவிடுவார்கள்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்குத் தோதான இடம். பெரிய வாதம் ஒன்றுதான் வரும்: அவர் வியாபாரியா, உங்களைப் போல ஒரு சேகரிப்பாளரா? தன் அலமாரியிலிருந்து எப்போதோ ஒன்றை விற்றவர் மேல் நுகர்வோர் வழக்கு நிற்பது கஷ்டம், அவர் மேல் சிவில் வழக்குதான். ஆனால் இவர் மாதா மாதம் விலையோடு படம் போடுகிறார், குழுவில் ஆறு பேர் வாங்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். அந்தப் பதிவுகளை எடுத்து வையுங்கள். இன்னொன்று, "நல்ல விலை வந்தால் விற்றுவிடலாம் என்றுதான் வாங்கினேன்" என்று கடிதத்தில் ஒரு வரி வருகிறது. மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை. எதற்காக வாங்கினீர்கள் என்பதை நிதானமாக யோசித்து, உண்மையை முழுதாக எழுதுங்கள். இருபது வருடத்தில் நீங்கள் ஒரு ரோபோகூட விற்கவில்லையே, அதுவும் உண்மைதானே.

காலக்கெடு இரண்டு வருடம். வாங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்பது மாதம் இருக்கிறது, அந்த நாளையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ருதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. அதற்கு முன் ஒரு நோட்டீஸ். அதில் கோபம் வேண்டாம், அவருடைய மூன்று வாசகங்களையும் அப்படியே எடுத்துப் போட்டு, இன்ன தொகை, பதினைந்து நாள் என்று கேளுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் பாதி நோட்டீஸோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அவருக்கும் குழுவில் முகம் காட்ட வேண்டும் அல்லவா?

வாட்ஸாப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வைக்க வேண்டும், உங்கள் வக்கீல் எழுதித் தருவார்.

சாவி ரோபோ உங்களுடையது

இங்கே உங்களுக்குத் தூக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு: பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான எண்ணம், ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் பிழை ஆகாது. கடைக்காரர் தன் பொருளுக்குத் தானே விலை சொன்னார், நீங்கள் கொடுத்தீர்கள். அது டி.என்., அதாவது நொமுரா, என்று அவரிடம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஒரு கேள்விக்கு மட்டும் உங்கள் மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். "இது சும்மா சீனத்து பொம்மைங்க" என்கிற மாதிரி ஏதாவது சொல்லி விலையைக் குறைத்தீர்களா? மௌனம் வேறு, பொய் வேறு. கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாருங்கள், இதே விளக்கம்தான் மாட்டுங்கா விஷயத்திலும் உங்கள் கையைக் கட்டுகிறது. "38,000-க்குப் பெறாது" என்பது அங்கேயும் காரணம் ஆகாது. அவர் சொன்ன சொல்தான் காரணம். கடைக்காரரின் மகனுக்கு அப்படி ஒரு சொல் இல்லை.

போலீஸ் என்று அவர் மிரட்டுவதற்கு ஆதாரம் இல்லை. திருட்டுச் சரக்கு என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால்தான் குற்றம். சோர் பஜார் என்ற பேரை வைத்தே ஒருவரும் கேஸ் போட முடியாது. பகலில், கடை திறந்திருக்கும்போது, ஜி-பேயில் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அந்தப் பதிவு போதும். இனி அங்கே வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதியும் பொருளும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வாக்குவாதம் வேண்டாம். "வாங்கியது வாங்கியதுதான் பாய், வேறு ஏதாவது பழைய பொம்மை வந்தால் சொல்லுங்கள்" என்று மெசேஜ் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். மனசு கேட்கவில்லை, பெரியவருக்கு ஏதாவது கொடுக்கலாம் என்றால் அது உங்கள் பெருந்தன்மை. கொடுக்கும்போது "கூடுதல் விலை" என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், அந்த லட்சக் கணக்கு. குழுவில் சொன்னது எல்லாம் விற்கக் கேட்கிற விலை. ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். நொமுராவின் 1957 ரோபோவையும், மசுதாயா என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்தின் ஐந்து பெரிய ரோபோக்களையும் பற்றிய விலைக் கதைகளைக் கேட்டுவிட்டு, டி.என். என்று கண்ட ஒவ்வொரு சாவி பொம்மைக்கும் அதையே போடுகிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதும் வரவழைப்பதும்

தொல்லியல் துறை அனுமதி தேவையில்லை. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருடத்துக்குக் குறையாத பொருட்களைப் பற்றியது. உங்கள் ரோபோக்களில் மூத்ததற்கே எழுபது சொச்சம்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கினால், உண்மை விலையை எழுதி அனுப்புங்கள். "கிஃப்ட், பத்து டாலர்" என்று போடச் சொல்வார், கேட்காதீர்கள். சுங்கச் சிக்கல் ஒருபுறம், வழியில் நசுங்கினால் இன்ஷூரன்ஸும் பத்து டாலர்தான் தரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

ஜப்பானிய ஏலத்திலிருந்து ரோபோ வரவழைக்கலாம் என்று நீங்கள் எழுதியிருக்கும் யோசனைதான் சிக்கல். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர அமைப்பின் தரக்குறி கட்டாயம். உங்கள் ரோபோ பிறந்தபோது அந்தக் குறிக்கான விதியே கிடையாது. பயன்படுத்திய பொருட்களை இறக்குமதி செய்யவும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. சேகரிப்புப் பொருள், விளையாட அல்ல என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தைக் கூரியர் கிடங்கில் பார்சல் மாட்டிக்கொண்ட பிறகு ஆரம்பிக்காதீர்கள். பணம் கட்டும் முன் ஒரு சுங்க முகவரிடம் கேளுங்கள்.

குழுவில் பெயர் போடலாமா

வேண்டாம். "மோசடிக்காரர்" என்று எழுதினால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். அவதூறுக்கு அவர் நோட்டீஸ் அனுப்பினால், உங்கள் நோட்டீஸுக்கு அதுவே எதிர்ப்பாட்டு ஆகிவிடும். எஸ்.டி. முத்திரை 1971-ல் வந்தது, பெட்டியின் மடிப்பையும் பாதத்தின் நாக்கையும் பார்த்து வாங்குங்கள் என்று பொதுவாக எழுதலாம். யாரையும் சொல்லாமலே ஆறு பேரும் அன்று ராத்திரி தங்கள் பெட்டியை எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களில் யாருக்காவது இதே கதை இருந்தால், உங்களோடு வருவார்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டியின் அடிமடிப்பையும் நாலு பக்கத்தையும் படம் எடுத்திருக்கிறீர்கள். மேல்மூடியின் உட்புறத்தை எடுக்கவில்லை. கடைக்காரர்கள் பென்சிலில் விலையோ தேதியோ கிறுக்கி வைக்கிற இடம் அது. நோட்டீஸ் அனுப்பும் முன் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.